பத்தொன்பதாவது மனுவின் பின்பக்கம்

என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று
எட்டாம் டிவிஷன் முழுக்கத் தெரியும்.
அதனால் மனு என் தலையில் விழுந்தது.

பந்தலூரில் முதல் பஸ்.
கூடலூரில் மாறி,
நடுவட்டம் வளைவில் யாராவது வாந்தியெடுத்து,
ஊட்டியில் இறங்கும்போது
திங்கட்கிழமை பாதி போயிருக்கும்.
டோக்கன். வரிசை. பச்சை மை.
ஒப்புகைச் சீட்டை நான்காய் மடித்து
ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு திரும்புவேன்,
அதிலேயே கரண்ட் ஓடுகிற மாதிரி.

இணைப்பு ஒன்று: குடும்ப அட்டை நகல்.
இணைப்பு இரண்டு: அப்பா கப்பலில் வந்த அட்டையின் நகல்.
பதில் மட்டும் எப்போதும் ஒன்றுதான்:
பதினேழாம் பிரிவு நிலம்,
பட்டா இல்லாத இடத்தில் கம்பம் நட இயலாது.

மிளகு நட்டோம், பிடித்தது.
சில்வர் ஓக் நட்டோம், வானத்தைத் தொட்டது.
அப்பாவையே இங்கேதான் புதைத்தோம்,
ஓடைக்கு மேலே.
கம்பம் மட்டும் நடக் கூடாதாம்.

பத்தொன்பதாவது மனுவின் நகல் பெஞ்சில் கிடந்தது.
தர்மராசு பென்சில் கேட்டான்.
கோயம்புத்தூர் பம்ப் பட்டறையில் ஆறு வருடம் இருந்து
ஒரு விரலை அங்கேயே விட்டுவந்தவன்.
தாளைத் திருப்பினான்.
மேலே ஒரு பாறை, சாய்வாய் ஒரு கோடு, அடியில் சக்கரம்.
நல்ல தாளைக் கெடுக்கிறாயே என்று
வாயெடுத்தேன்.
கோடு என் எழுத்தைவிட நேராக இருந்தது.

கரண்டி வேண்டும் என்றான்.
வீட்டுக்கு ஒன்று, குழிக்கரண்டி.

யோகராணி சாம்பார் கரண்டி கொடுத்தாள்.
செபஸ்தியம்மா கல்யாணத்துக்கு வந்ததைக் கொடுத்தாள்,
கொடுத்தவர் பெயர் வெட்டியது.
மாதன் வீட்டில் இருந்ததே ஒன்று.
ஒரு மாதம் டம்ளரால் மொண்டு ஊற்றினார்கள்.
இருபத்திரண்டு கரண்டிகளையும்
அய்யன்கொல்லி மொய்தீன் சைக்கிள் ரிம்மில் பற்றவைத்தார்,
கூலி ஒரு மூட்டை இஞ்சி.
செத்துப்போன ஜீப் ஒன்றில்
சாகாமல் இருந்த ஆல்டர்னேட்டர்.

குழாயை யானை இரண்டு முறை மிதித்தது.
மூன்றாம் முறை நாங்கள்தான் விலகிப் போட்டோம்,
அதன் பட்டா எங்களுடையதைவிடப் பழையது.

விளக்கு எரிந்தபோது யாரும் கைதட்டவில்லை.
யோகராணி தன் வீட்டுச் சுவரைப் பார்த்தாள்.
'இவ்வளவு கரியா' என்று
துடைப்பம் தேடப் போனாள்.

இருட்டுமுன் பச்சையாகவே
வியாபாரி சொன்ன விலைக்கு அள்ளிப் போட்ட மிளகை
இப்போது காயவைத்து, ராத்திரியில் உட்கார்ந்து
சலிக்கிறோம், பொறுக்குகிறோம்,
விலையை நாங்கள் சொல்கிறோம்.
அவன் வாய் திறந்தபடி நிற்பது
ஒரு தனி வருமானம்.

எல்லாம் நல்லபடி என்று எழுதமாட்டேன்.
பங்குனியில் ஓடை நூலாகும், பல்பு மின்மினியாகும்.
குழாய்வாயில் இலை வாரும் முறை யாருடையது என்று
இரண்டு வீடுகள் மூன்று மாதம் பேசவில்லை.
எல்லாருக்கும் தன் போன்தான் முதலில்.

ஊட்டியிலிருந்து ஜீப் வந்தது.
கரண்டிகளை எண்ணினார்கள்.
போட்டோ எடுத்தார்கள்.
'தன்னம்பிக்கை' என்றார் ஒருவர்
டீயை ஊதிக்கொண்டே.
பத்தாம் நாள் கடிதம்,
முதல் தடவையாக என் பெயரில் பிழையில்லை:
'மேற்படி குடியிருப்பில் மின்வசதி உள்ளதாகக்
கள ஆய்வில் தெரியவருவதால்
மனு முடித்துவைக்கப்படுகிறது.'

தர்மராசு அதை இரண்டு முறை படித்தான்.
மாதனின் மகள் மெதுவாகக் கேட்டாள்,
'அப்போ கரண்டியைத் திருப்பி வாங்கிக்கலாமா?'

சிரித்து முடித்த பிறகு
மிளகு பொறுக்குகிறவர்கள்
விளக்கைக் கொஞ்சம் என் பக்கம் திருப்பினார்கள்.

பெறுநர். இரண்டு புள்ளி.
ஐயா,
இது விளக்குக் கேட்கும் மனு அல்ல.
விளக்கு இருக்கிறது.
நீங்கள் தரவேண்டியது இன்னும் வரவில்லை.

மேலே எங்கோ
குழாய்வாயில் இலை அடைக்கிறது,
எழுத்து மங்குகிறது.
யாரோ டார்ச்சோடு ஏறிப் போகும் சத்தம்.
பேனாவை எடுக்காமல் காத்திருக்கிறேன்,
வெளிச்சம் வரும், அடுத்த வரிக்கு.